நிற்காமல் ஓடும் மோட்டார்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் மாடி வீட்டில் மொட்டை மாடித் தொட்டிக்குக் கீழே அரை ஹெச்பி பிரஷர் பம்பு வைத்திருக்கிறோம். கூடவே 24 லிட்டர் பிரஷர் டேங்க். இப்போது எல்லாக் குழாய்களையும் மூடினாலும் மோட்டார் நிற்பதில்லை. மீட்டர் முள் 2.4 பார் வரை ஏறி அங்கேயே நின்றுவிடுகிறது. ஒழுகல் எங்கும் கண்ணில் படவில்லை. பம்பையே மாற்ற வேண்டும் என்கிறார் பிளம்பர். மாற்றத்தான் வேண்டுமா? – வாசகி, கோவை

பதில்: கொஞ்சம் பொறுங்கள். முள் 2.4-ல் நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. இந்த வகைப் பிரஷர் ஸ்விட்ச் பெரும்பாலும் 1.4 பாரில் மோட்டாரைப் போட்டு 2.8 பாரில் அணைக்கும்படி செட் செய்யப்பட்டு வரும். உங்கள் ஸ்விட்ச் 2.8-க்காகக் காத்திருக்கிறது, அழுத்தம் அதுவரை ஏறவில்லை. ஒன்று, தண்ணீர் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. இல்லை, பம்பால் அவ்வளவு தள்ள முடியவில்லை.

முதலில் பைபாஸ் லைனைப் பாருங்கள். கரண்ட் இல்லாத நேரத்திலும் தண்ணீர் வரட்டும் என்று தொட்டியிலிருந்து பம்பைச் சுற்றி ஒரு குழாய் போட்டு, நடுவில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு (தண்ணீரை ஒரு பக்கம் மட்டுமே போகவிடும் வால்வு) வைத்திருப்பார்கள். அந்த வால்வின் தட்டில் மணலோ, சுருண்ட டெஃப்லான் டேப் துண்டோ சிக்கினால் அது முழுதாக மூடாது. பம்பு தள்ளும் தண்ணீர் பைபாஸ் வழியாகத் திரும்பித் தொட்டிப் பக்கமே போய், மறுபடி பம்புக்குள் வரும். வெளியே ஒரு சொட்டுகூட விழாது, மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். பைபாஸில் உள்ள பால் வால்வைக் கையால் மூடிவிட்டு முள்ளைப் பாருங்கள். ஏறி 2.8-ல் அணைந்தால் கோளாறு நான்-ரிட்டர்ன் வால்வில்தான். கழற்றிக் கழுவி மாட்டிப் பாருங்கள், சரிவராவிட்டால் புதிது போடுங்கள். பம்பைத் தொட வேண்டியதில்லை.

பைபாஸை மூடியும் நிற்கவில்லை என்றால், பிரஷர் டேங்குக்கு அடுத்து வீட்டுக்குள் இறங்கும் குழாயின் வால்வை மூடுங்கள். இப்போது மோட்டார் நின்றால் தண்ணீர் வீட்டுக்குள் கசிகிறது. ஃப்ளஷ் டேங்க்தான் முதல் சந்தேகம். அதில் ஒரு ஸ்பூன் மஞ்சள் தூளைக் கரைத்துவிட்டுக் கால் மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யாமல் இருங்கள். கீழே கழிவறைப் பேசினில் மஞ்சள் இறங்கினால் உள்ளே வாஷர் போயிருக்கிறது, அல்லது மிதவை வால்வு மூடாமல் தண்ணீர் ஓவர்ஃப்ளோ குழாயில் வழிகிறது. அடுத்து சோலார் ஹீட்டர். அதன் ஏர் வென்ட் குழாயில் தண்ணீர் வழிகிறதா என்று மாடியில் ஏறிப் பாருங்கள்.

இவ்வளவு சின்னக் கசிவு ஒரு மோட்டாரை நிறுத்தவிடாதா என்று கேட்கலாம். பம்பு தன் உச்ச அழுத்தத்தை நெருங்கும்போது அது தள்ளும் தண்ணீர் மிகக் குறைவு. அணைய வேண்டிய அழுத்தம் பம்பின் உச்சத்துக்குப் பக்கத்தில் இருந்தால், ஒரு ஃப்ளஷ் டேங்க் கசிவே போதும்.

இரண்டு வால்வையும் மூடியும் முள் 2.4-ஐத் தாண்டவில்லை என்றால்தான் பம்பைச் சந்தேகிக்க வேண்டும். அப்போதும் மாற்றுவதற்கு முன், மோட்டார் ஓடும்போது வோல்டேஜ் அளந்து பாருங்கள். 200-க்குக் கீழே இறங்கினால் அது ஒரு காரணம். உள்ளே வரும் குழாயின் வடிகட்டி அடைத்திருக்கலாம். கெபாசிட்டர் பலவீனமாகி இருக்கலாம். முள் நடுங்கிக்கொண்டே இருந்தால் பம்புக்குள் காற்று வருகிறது என்று அர்த்தம். எதுவும் இல்லையென்றால் இம்பெல்லர், அதாவது பம்புக்குள் சுற்றித் தண்ணீரைத் தள்ளும் சக்கரம், தேய்ந்திருக்கிறது. அரை ஹெச்பி பம்புகளில் இம்பெல்லருக்கும் உறைக்கும் இடையே இடைவெளி மிகக் குறைவு. மணல் கலந்த தண்ணீர் அதைத் தேய்த்துப் பெரிதாக்கிவிட்டால் அழுத்தம் விழுந்துவிடும்.

தேய்ந்த பம்பையும் உடனே தூக்கிப் போட வேண்டாம். 10 மீட்டர் உயரத் தண்ணீர் சுமார் 1 பார் அழுத்தம். உங்கள் பம்பு மாடியில் இருப்பதால், 6 மீட்டர் கீழே தரைத்தளத்துக் குழாயில் 0.6 பார் கூடுதலாகவே கிடைக்கும். அதனால் 2.1 பாரில் அணைந்தாலே வீட்டுக்குப் போதும். மோட்டாருக்கு வரும் கரண்டை நிறுத்தும் எம்சிபியை (ட்ரிப் ஸ்விட்சை) அணைத்துவிட்டு பிரஷர் ஸ்விட்ச் மூடியைத் திறங்கள். உள்ளே 230 வோல்ட் இருப்பதால் இதில் அலட்சியம் கூடவே கூடாது. பெரிய ஸ்பிரிங்கின் நட்டைத் திருகினால் போடும் அழுத்தம், அணைக்கும் அழுத்தம் இரண்டும் சேர்ந்து மாறும். சின்ன ஸ்பிரிங்கின் நட்டு அணைக்கும் அழுத்தத்தை மட்டும் மாற்றும். அந்தச் சின்ன நட்டை இடப்பக்கமாக அரைச் சுற்று தளர்த்தி, மூடி, ஓட்டிப் பாருங்கள். 2.1 பக்கம் வரும்வரை அரை அரைச் சுற்றாகத் தளர்த்தலாம். இரண்டு அழுத்தங்களுக்கும் இடையே 0.6 பாருக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குறைந்தால் மோட்டார் அடிக்கடி போட்டு அணையும்.

உங்கள் முள் 3-ஐத் தாண்டியும் மோட்டார் ஓடியிருந்தால் கதை வேறு. அப்போது பழுது ஸ்விட்சில்தான்: அழுத்தம் ஏறும் சின்ன நிப்பிள் துளை உப்போ துருவோ பிடித்து அடைத்திருக்கும், அல்லது உள்ளே கான்டாக்ட் உருகி ஒட்டியிருக்கும். துளையை மெல்லிய கம்பியால் குத்திச் சுத்தம் செய்யலாம். ஒட்டிய கான்டாக்டைத் தேய்த்து ஓட்டாதீர்கள், ஸ்விட்சை மாற்றிவிடுங்கள். தண்ணீர் வெளியேற வழியில்லாமல் பம்பு நெடுநேரம் சுற்றினால் உறைக்குள் இருக்கும் தண்ணீர் கொதிக்கும் அளவுக்குச் சூடாகும். சீல் போகும், பக்கத்து பிவிசி குழாய் இளகி இணைப்பு விடும். சரிசெய்யும்வரை இரவில் எம்சிபியை அணைத்தே வையுங்கள்.

கேள்வி: மேல்தொட்டி நிறைந்து வழிந்தாலும் லெவல் கன்ட்ரோலர் மோட்டாரை நிறுத்துவதில்லை. எங்கள் ஊர்த் தண்ணீர் உப்பு. இரண்டு முறை கன்ட்ரோலரை மாற்றிவிட்டோம். மாற்றிய சில மாதங்கள் சரியாக ஓடும், பிறகு பழைய கதைதான். – வாசகர், ராமநாதபுரம்

பதில்: தொட்டிக்குள் தொங்கும் கம்பி சென்சார்களுக்குள் தண்ணீர் வழியாக மிகச் சிறிய கரண்ட் ஓடும். மேல் கம்பியைத் தண்ணீர் தொட்டதும் சுற்று முழுமையாகி, தொட்டி நிறைந்தது என்று கன்ட்ரோலருக்குத் தெரியும். கம்பி மீது சுண்ணாம்புபோல் வெள்ளைப் படிவு ஏறினால் கரண்ட் ஓடாது. தண்ணீர் வழிந்தாலும் கன்ட்ரோலரைப் பொறுத்தவரை தொட்டி காலிதான். எப்போதும் மூழ்கியே கிடக்கும் பொதுக் கம்பியில்தான் படிவு அதிகம், மேல் கம்பியை மட்டும் துடைத்து ஏமாற வேண்டாம்.

கோளாறு எங்கே என்று ஐந்து நிமிடத்தில் பார்க்கலாம். மெயினை அணையுங்கள். கன்ட்ரோலரில் பொதுக் கம்பி, மேல் கம்பி இரண்டும் வந்து சேரும் டெர்மினல்களை ஒரு துண்டு வயரால் இணையுங்கள். பிறகு மெயினைப் போடுங்கள். ‘நிறைந்தது’ விளக்கு எரிந்து மோட்டார் ஓடாமல் இருந்தால் கன்ட்ரோலர் நன்றாக இருக்கிறது, பழுது கம்பியிலோ மாடிக்குப் போகும் வயரிலோதான். விளக்கு எரிந்தும் மோட்டார் ஓடினால் உள்ளே மோட்டாரைப் போட்டு அணைக்கும் ரிலே ஒட்டிக்கொண்டது.

சென்சாரைப் புளிக் கரைசலிலோ வினிகரிலோ அரை மணி நேரம் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். கழிவறை ஆசிட் வேண்டாம், அது குடும்பமே புழங்கும் தண்ணீர். உங்கள் ஊர்த் தண்ணீருக்கு 2 மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்ய வேண்டியிருக்கும். அதைவிட, கம்பி சென்சாரையே விட்டுவிட்டு கேபிளில் தொங்கும் மிதவை ஸ்விட்சுக்கு மாறுவதுதான் நல்லது. அது தண்ணீரின் உப்பை நம்பி வேலை செய்வதில்லை.

கேள்வி: 1.5 ஹெச்பி போர்வெல் மோட்டார். பேனலில் சிவப்பு பட்டனை அழுத்தினாலும் நிற்பதில்லை. மெயினை அணைத்தால்தான் நிற்கிறது. – வாசகர், திண்டுக்கல்

பதில்: மெயினை அணைத்துவிட்டு, ஒரு நிமிடம் கழித்து மறுபடி போடுங்கள். பச்சை பட்டனைத் தொடாமலே மோட்டார் ஓட ஆரம்பித்தால் கான்டாக்டர் (காயிலின் காந்த இழுப்பால் மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் ஸ்விட்ச்) ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஓடவில்லை, பச்சையை அழுத்தினால்தான் ஓடுகிறது, ஆனால் சிவப்புக்கு நிற்கவில்லை என்றால் சிவப்பு பட்டனின் கான்டாக்ட் விலகவில்லை, அல்லது அதன் இரண்டு வயரும் எங்கோ ஒன்றாகத் தொட்டுக்கொண்டிருக்கின்றன.

கான்டாக்டர் என்றால், மெயின் அணைந்திருக்கும்போது அதன் நடுவில் உள்ள கட்டையை விரலால் அழுத்தி விடுங்கள். டக்கென்று மேலே வந்தால் நல்லது. மெதுவாக வந்தாலோ வராமலே போனாலோ உள்ளே தூசி, துரு, பெரும்பாலும் எறும்புக் கூடு. கிராமத்துப் பேனல்களில் எறும்பும் பல்லியும் செய்யும் சேதம் கொஞ்சநஞ்சமல்ல. கேபிள் நுழையும் துளைகளுக்கு ரப்பர் கிளாண்ட் போட்டு அடையுங்கள். வேலையை முடித்த பிறகும் எலக்ட்ரீஷியன் திறந்தே விட்டுப்போகும் துளை அதுதான்.

கான்டாக்ட் உருகி ஒட்டியிருந்தால் குறைந்த வோல்டேஜைச் சந்தேகியுங்கள். காயிலால் முழுதாகப் பிடிக்க முடியாமல் கடகடவென்று அதிரும், ஒவ்வோர் அதிர்விலும் தீப்பொறி பறக்கும். உங்கள் மோட்டார் ஓடும்போது சுமார் 10 ஆம்பியர் இழுக்கும், கிளம்பும்போது அதைப்போல் பல மடங்கு. மாற்றும்போது மோட்டாருக்கான ஏசி-3 வகையில் 18 ஆம்பியர் கான்டாக்டராகப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: மிதவை ஸ்விட்சில் மூன்று வயர் வருகிறது. எதை எடுப்பது? – வாசகி, மன்னார்குடி

பதில்: வயர் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், நிறத்தை நம்பாதீர்கள். மாட்டுவதற்கு முன் மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து, இரண்டிரண்டு வயராகத் தொட்டுப் பாருங்கள். மேல்தொட்டிக்கு வேண்டியது, மிதவை தொங்கும்போது பீப் கேட்டு, தூக்கினால் சத்தம் நிற்கும் ஜோடி. கீழ் சம்புக்கு இதற்கு நேர் எதிர்: தூக்கும்போது பீப் கேட்க வேண்டும். இரண்டையும் ஒரே வரிசையில் இணைத்துக் கான்டாக்டர் காயிலுக்குக் கொடுங்கள். மோட்டாரின் முழு கரண்டையும் மிதவை வழியாக ஓட்டாதீர்கள். பயன்படாத மூன்றாவது வயரின் முனையைத் தனியாக இன்சுலேஷன் டேப் சுற்றி மூடுங்கள். தொட்டிக்குள் வயரில் ஜாயிண்ட் இருக்கவே கூடாது.

கேள்வி: 1 ஹெச்பி மோட்டார் இரவு முழுதும் நிற்காமல் ஓடிவிட்டது. எவ்வளவு கரண்ட் ஆகியிருக்கும்? – வாசகர், வேலூர்

பதில்: மணிக்கு 1 யூனிட்டுக்குச் சற்று மேல். 8 மணி நேரத்துக்கு 9 யூனிட் வரை வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தீர்ந்து பம்பு காய்ந்தும் ஓடியிருந்தால் மெக்கானிக்கல் சீல் தாங்கியிருக்காது. பம்புக்கும் மோட்டாருக்கும் இடையே சொட்டுகிறதா என்று இன்றே பாருங்கள். சொட்டினால் உடனே சீலை மாற்றுங்கள். விட்டால் தண்ணீர் பேரிங்குக்குள் போய்விடும்.