முதலில் காற்றைத் தீர்மானியுங்கள்

உங்கள் கற்பனை உலக வரைபடத்தைப் பார்த்தேன். வடக்கு தெற்காக நீண்ட மலைத்தொடர், இருபுறமும் ஒரே மாதிரி அடர்காடு. ஏன் நிஜமாகத் தெரியவில்லை என்று கேட்டிருந்தீர்கள். மலை அருமையாக இருக்கிறது, அதை மாற்றாதீர்கள். காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதுதான் விட்டுப்போயிருக்கிறது.

ஈரக்காற்று சரிவில் ஏறும்போது குளிர்ந்து மழையைக் கொட்டிவிடும். மறுபுறம் இறங்குவது வறண்ட காற்று. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையைப் பாருங்கள். பெரு நாட்டில் காற்று கிழக்கிலிருந்து வருவதால் கிழக்குச் சரிவு அமேசான் காடு, மேற்குக் கரை பாலை (அங்கே குளிர்ந்த கடல் நீரோட்டமும் சேர்ந்துகொள்கிறது). தெற்கே படகோனியாவில் காற்று மேற்கிலிருந்து வீசுவதால் அப்படியே தலைகீழ்: சிலி பக்கம் மழைக்காடு, அர்ஜென்டினா பக்கம் வறண்ட புல்வெளி. ஒரே மலைத்தொடர்தான்! உங்களுடையதும் அவ்வளவு நீளம் என்பதால் இரண்டையுமே வைக்கலாம்.

சிகரத்து ஏரியிலிருந்து இரு கடலுக்கும் ஆறு ஓடுவதை மட்டும் எடுத்துவிடுங்கள். ஏரி நீர் பெரும்பாலும் ஒரே வழியாகத்தான் வெளியேறும்.

பிறகு உங்கள் கதையின் வணிகரைக் கணவாய் வழியாக நடத்துங்கள். ஏறும்போது அவர் கம்பளி நனைந்து கனக்கட்டும். இறங்கும்போது அதே கம்பளியில் செம்புழுதி படியட்டும்.