டீம் லீட் ஆனதும் பேச்சு அடைக்கிறதா? டோஸ்ட்மாஸ்டர்ஸ் போய்ப் பாருங்கள்

டீம் லீட் ஆன பிறகு மீட்டிங்கில் வாயைத் திறந்தாலே தொண்டை அடைக்கிறது, பணம் கட்டி வகுப்பில் சேரலாமா, உறுப்பினர்களே கூடி மேடைப் பேச்சு பழகும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்புக்குப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். என்னைக் கேட்டால் டோஸ்ட்மாஸ்டர்ஸ்தான். வகுப்பில் பெரும்பாலும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம், இங்கே எழுந்து நின்றே ஆக வேண்டும்.

முதலில் விருந்தினராகப் போங்கள், பேசச் சொன்னால் வேண்டாம் என்றும் சொல்லலாம். சேர்ந்ததும் முதல் உரை உங்களைப் பற்றியே, 4 முதல் 6 நிமிடம். ஆனால் உங்கள் சிக்கலுக்குச் சரியான மருந்து டேபிள் டாபிக்ஸ் என்ற பகுதி: தலைப்பு அந்த நொடியில்தான் தெரியும், உடனே பேச வேண்டும், 1 நிமிடத்தில் பச்சை, ஒன்றரையில் மஞ்சள், 2 நிமிடத்தில் சிவப்பு அட்டை தூக்குவார்கள், நீங்கள் எத்தனை முறை 'ஆ', 'ம்' என்று இழுத்தீர்கள் என்று ஒருவர் எண்ணிக்கொண்டே இருப்பார். மேனேஜர் திடீரென்று "நீங்க சொல்லுங்க" என்று உங்கள் பக்கம் திரும்பும்போது நடப்பதும் இதுதானே.

அப்புறம், கொஞ்சம் பழகியதும் மற்றவர் பேச்சை மதிப்பிடும் பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள். 2, 3 நிமிடத்துக்குள் மனம் நோகாமல் குறையைச் சொல்லியாக வேண்டும். டீம் லீடுக்குத் தினமும் அதுதான் வேலை.

சேரும் முன் இரண்டு மூன்று கிளப் பாருங்கள். மதிப்பீட்டில் வெறும் "சூப்பர்" மட்டும் கேட்டால் அடுத்ததுக்குப் போய்விடுங்கள். ஆங்கிலம்தான் என்று கட்டாயமில்லை, தமிழில் நடக்கும் கிளப்களும் உண்டு. அவர்களுடைய தளத்தில் ஊர் பெயரைப் போட்டால் கிழமையும் நேரமும் வரும்.