ஸ்ட்ரிங் ஆர்ட் (பலகையில் ஆணி அடித்து, நூல் ஓட்டி உருவம் வரவைக்கும் கலை) செய்ய என்ன பலகை, ஆணி, நூல் வாங்கலாம்? முதலில் எந்த முறையில் தொடங்குவது?

எல்லாரும் நூலைப் பற்றித்தான் முதலில் விசாரிப்பார்கள். நான் கோட்டை விட்டது பலகையில்.

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக் கதவு வேலைக்கு வந்த ஆசாரி ஒரு தேக்குத் துண்டை மிச்சம் வைத்துவிட்டுப் போனார். ஓசிப் பலகைதானே என்று வரிசையாக ஆணி அடித்தேன். பன்னிரண்டாவது ஆணியில் மரத்தின் ரேகை ஓடிய வாக்கிலேயே விரிசல் விட்டது. "ஒரே ரேகையில நெருக்கி அடிச்சா பிளக்கத்தான் செய்யும் தம்பி" என்று மறுநாள் அவர் சிரித்தார். மரநாரை அழுத்திச் செய்த, ரேகையே இல்லாத எம்டிஎஃப் பலகை, 12 மி.மீ. கனத்தில் வாங்குங்கள். பிளைவுட்டும் பரவாயில்லை, மேல்தாள் கொஞ்சம் சிலும்பும். எம்டிஎஃப் ஈரம் பட்டால் உப்பிவிடும். ஆணி அடிக்கும் முன்பே ஓரம், பின்பக்கம் எல்லாம் பெயிண்ட் அடித்துவிடுங்கள்.

ஆணி முக்கால் இஞ்ச், சின்னத் தலை. எடைக்குத்தான் தருவார்கள். டவுன் கடையில் நூறு கிராம் கேட்டதற்கு அண்ணாச்சி, "இதை வச்சு என்ன செய்யப் போறீய?" என்றார். நூல் சுத்த என்றேன். மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பொட்டலம் கட்டினார். வெறும் இரும்பு ஆணி வேண்டாம், பூச்சுப் பூசியது கேளுங்கள். ஐப்பசி அடைமழையில் ஓதம் ஏறிய சுவரில் நான் மாட்டிய வெள்ளை நூல் படத்தில் ஒவ்வொரு ஆணியைச் சுற்றியும் துருக்கறை இறங்கிவிட்டது.

நூலுக்குப் பருத்திதான். முறுக்கேறிய குரோஷா நூல் என் முதல் தேர்வு. எம்பிராய்டரி நூலில் வண்ணம் அதிகம், ஆனால் ஆறு இழையும் பிரிந்து படுக்கும். தையல் மிஷின் பாலியெஸ்டர் நூல் மெலிசு, முடிச்சும் வழுக்கும்.

எழுத்து, மரம், யானை என்று உருவத்துக்குள் மனம்போல நூல் ஓட்டும் முறை பிழையை மறைக்கும். அதற்கு உள்ளே நிரப்பிவிட்டு, வெளிக்கோட்டைக் கடைசியில் சுற்றுங்கள். எனக்குப் பிடித்தது கணக்கு முறை. எவரெஸ்ட் சிகரத்துக்குப் பெயர் தந்த ஜார்ஜ் எவரெஸ்டின் அண்ணன் தம்பி வழி மகள் மேரி எவரெஸ்ட் பூல் (1832–1916), அட்டையில் நேர்கோடாகத் தைத்து வளைவு வரவைத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். சிக்குக்கோலத்தில் கை வளையும். இங்கே ஒரு கோடும் வளையாது, ஆனாலும் கண்ணுக்கு வளைவு தெரியும்.

இப்படிச் செய்து பாருங்கள். 24 செ.மீ. எவர்சில்வர் தட்டைத் தாளில் கவிழ்த்து வட்டம் போட்டு, கோணமானியால் 5 டிகிரிக்கு ஒரு புள்ளி வையுங்கள். 72 புள்ளி, ஏறக்குறைய ஒரு செ.மீ. இடைவெளி. தாளைப் பலகையில் ஒட்டி, பழைய சீப்பின் பல்லிடுக்கில் ஆணியைப் பிடித்து அடியுங்கள், விரல் தப்பிக்கும். ஒரு செ.மீ. வெளியே நிற்கட்டும், துளி வெளிப்பக்கம் சாய்ந்தே இருக்கட்டும். தாளைக் கிழித்தெடுத்துவிட்டு, ஆணிகளை வரிசையாக 1 முதல் 72 வரை எண்ணிக்கொண்டு, இரண்டாம் வாய்ப்பாட்டின்படி நூல் ஓட்டுங்கள்: 1-லிருந்து 2, 2-லிருந்து 4, 3-லிருந்து 6. 36 தாண்டினால் 72-ஐக் கழித்துக்கொள்ளுங்கள், 37-க்கு 2. நூலை வெட்டவே வேண்டாம். 4-லிருந்து 8-க்குப் போனால் ஓரமாகவே 10-க்கு நகர்ந்து 5-க்கு வாருங்கள், அங்கிருந்து 6-க்கு நகர்ந்து 12-க்கு. ஒரு பக்கம் இரண்டு ஆணி, மறுபக்கம் ஒன்று. அம்மா இதை என்னைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொண்டார், மார்கழிக்கு மார்கழி புள்ளி எண்ணிய கை. முடிவில் நடுவே இதய வடிவம் தெரியும். மொத்தம் 12 மீட்டர் நூல் ஓடும். எம்பிராய்டரி நூல் 8 மீட்டர் கட்டாக வந்தால் ஒரே நிறத்தில் இரண்டாக வாங்கிவிடுங்கள்.

விறைப்பாக இழுக்காதீர்கள். ஆணி உள்ளே சாய்ந்தால் முதலில் ஓட்டிய நூலெல்லாம் தொய்யும். முடிச்சில் ஒரு சொட்டு ஃபெவிகால் வைத்து, அது காய்ந்த பிறகு வாலை வெட்டுங்கள்.