பெட்ராஃப் ஆட்டத்தில் கறுப்பு ஏன் இவ்வளவு சீக்கிரம் கவிழ்கிறது?

நீங்கள் கேட்டிருப்பது இது: சதுரங்கத்தில் கறுப்புக் காய்களுடன் பெட்ராஃப் என்ற ஓபனிங்கை (தொடக்க நகர்வு வரிசையை) ஆடத் தொடங்கியிருக்கிறீர்கள். பாதுகாப்பான ஓபனிங், எளிதில் டிரா ஆகிவிடும் என்று நண்பர்கள் சொன்னார்கள். ஆனால் பத்து நகர்வுக்குள் குதிரையோ ராணியோ போய்விடுகிறது. எந்தெந்தப் பொறிகளை மனப்பாடம் செய்ய வேண்டும்?

எதையும் மனப்பாடம் செய்யாதீர்கள். இந்த ஓபனிங்கில் கறுப்பு சீக்கிரமே கவிழ்வது பெரும்பாலும் ஒரே நகர்வால்தான். வெள்ளை ராணி இ2 கட்டத்துக்கு வரும் (கட்டத்தின் பெயரில் எழுத்து மேல்கீழ் வரிசையையும், எண் குறுக்கு வரிசையையும் குறிக்கும்). உங்கள் ராஜா இ8-இல் நிற்கிறார், நடுவில் இ வரிசை திறந்து கிடக்கிறது, அந்த வரிசையில் உங்கள் குதிரை உலவிக்கொண்டிருக்கிறது. ஆகவே ஒவ்வொரு நகர்வுக்கும் முன்னால் "இப்போது ராணி இ2-க்கு வந்தால் என்ன ஆகும்?" என்று கேளுங்கள்.

முதலில், பள்ளிப் போட்டிகளில் வாரந்தோறும் நடக்கும் விபத்து. வெள்ளை இ4, கறுப்பு இ5 (காயின் பெயர் சொல்லாமல் கட்டத்தை மட்டும் சொன்னால் அது சிப்பாய் நகர்வு). வெள்ளைக் குதிரை எஃப்3, கறுப்புக் குதிரை எஃப்6. வெள்ளை இ5 சிப்பாயை வெட்டுகிறது. உடனே கறுப்பும் பார்த்து எழுதுவதுபோல இ4 சிப்பாயை வெட்டுகிறது. ராணி இ2-க்கு வந்து குதிரையை மிரட்டுகிறது. குதிரை பயந்து எஃப்6-க்கே திரும்புகிறது. இப்போது வெள்ளைக் குதிரை இ5-இலிருந்து சி6-க்குத் தாவினால், வழி திறந்து ராணி செக் கொடுக்கிறது; குதிரையோ டி8-இல் உள்ள கறுப்பு ராணியைக் குறிவைக்கிறது. செக்கைக் கவனித்தாக வேண்டும், எனவே ராணி போய்விடும். ஐந்தே நகர்வு. நான்காவது நகர்வில் ராணியை இ7-இல் வைத்தால் இவ்வளவு பெரிய இழப்பு இல்லை, ஆனால் ஒரு சிப்பாய் போகும். சரியான வழி, வெட்டுவதற்கு முன் டி6 ஆடி வெள்ளைக் குதிரையை விரட்டுவது. அது எஃப்3-க்குத் திரும்பிய பிறகு இ4-இல் வெட்டுங்கள்.

அப்போதும் ராணி இ2-க்கு வரலாம். அங்கே பலர் குதிரையைக் காக்க டி5 ஆடுகிறார்கள். பார்வைக்குச் சரியாகத் தெரியும். வெள்ளை டி3 ஆடியதும் குதிரை அகப்பட்டுவிடும். நகர்ந்தால் ராஜாவுக்குச் செக் என்பதால் நகரவே முடியாது. உங்கள் ராணியை இ7-இல் வைப்பது ஒன்றுதான் வழி. பிறகு டி3 வந்தால் குதிரை எஃப்6-க்குத் திரும்பும், ராணிகள் மாறும், ஆட்டம் சப்பென்று ஆகிவிடும். நீங்கள் தேடிய டிரா அங்கேதான் இருக்கிறது.

ராணியை இ7-இல் வைத்தால் எப்போதும் தப்பிவிடலாம் என்றும் நினைத்துவிட வேண்டாம். 1988-இல் ஸ்விட்சர்லாந்தின் பீல் நகரில் கொலம்பியாவின் அலோன்சோ ஜபாட்டாவிடம் நம் விஸ்வநாதன் ஆனந்த் ஆறே நகர்வில் தோற்றார். அப்போது அவருக்கு 18 வயது, ஏற்கெனவே கிராண்ட்மாஸ்டர். மேலே சொன்ன டி6 வழியிலேயே கறுப்பு இ4-இல் வெட்டியதும் ஜபாட்டா இன்னொரு குதிரையை சி3-இல் வைத்தார். ஆனந்த் இ4 குதிரையைக் காக்க பிஷப்பை எஃப்5-க்குக் கொண்டுவந்தார். ராணி இ2-க்கு வந்தது. ஆனந்த் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்.

ஏன் அங்கேயே விட்டுக்கொடுத்தார்? டி5 ஆடினால் டி3. ராணியை இ7-இல் வைத்தால் சி3 குதிரை டி5-க்குத் தாவி ராணியை மிரட்டும். ராணி இ6-க்குப் போனால் சி7-இல் குதிரை வெட்டிச் செக் கொடுத்து ராஜாவையும் ராணியையும் ஒருசேரப் பிடிக்கும். இ வரிசையை விட்டு விலகினாலோ மறுபடியும் டி3தான்.

இதில் எனக்குப் பிடித்த பகுதி, அந்த பிஷப் நகர்வு எங்கிருந்து வந்தது என்பது. முந்தைய ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் கிராண்ட்மாஸ்டர்கள் டோனி மைல்ஸும் லாரி கிறிஸ்டியன்சனும் ஆடிய ஆட்டத்தில் கிறிஸ்டியன்சன் இதையே ஆடினார். மைல்ஸ் ராணியை நகர்த்தாமல் குதிரையை வெட்டினார், 20 நகர்வில் டிரா. அச்சில் வந்த அந்த ஆட்டத்தை ஆனந்த் நம்பினார். எதிரே இருப்பவரைப் பார்த்து ஆடும் பள்ளிச் சிறுவனுக்கும், கிராண்ட்மாஸ்டர்களைப் பார்த்து ஆடிய வருங்கால உலகச் சாம்பியனுக்கும் விழுந்த அடி ஒரே இடத்திலிருந்து வந்ததுதான்.

2018 உலகச் சாம்பியன் போட்டியின் ஆறாவது ஆட்டத்தையும் பாருங்கள். கார்ல்சன் ராணியை இ2-இல் வைத்தார், கருவானா இ7-இல் வைத்தார். கார்ல்சனின் குதிரை டி5-க்கு வந்தது. ஆனால் கருவானாவின் இன்னொரு குதிரை சி6-இல் தயாராக இருந்ததால் அது டி4-க்குத் தாவி வெள்ளை ராணியைத் திருப்பி மிரட்டியது. ராணிகள் மாறின, 80 நகர்வுக்குப் பின் டிரா. ஆனந்திடம் அந்தக் குதிரை இன்னும் பி8-இலேயே நின்றது.

யூடியூபில் எரிக் ரோசன் பிரபலப்படுத்திய ஸ்டாஃபர்ட் கேம்பிட்டைப் (தாக்குதலுக்காகச் சிப்பாயை விட்டுக்கொடுக்கும் ஓபனிங்கைப்) பற்றியும் யாராவது சொல்வார்கள். வெள்ளை இ5-இல் வெட்டியதும் கறுப்பு தன் இன்னொரு குதிரையை சி6-இல் வைத்து மாற்றிக்கொள்கிறது, டி சிப்பாயால் திருப்பி வெட்டுகிறது. வெள்ளை டி3, கறுப்பு பிஷப் சி5. இங்கே வெள்ளை பிஷப்பை ஜி5-இல் வைத்தால் கதை முடிந்தது: கறுப்புக் குதிரை இ4-இல் வெட்டும். வெள்ளை ஆசைப்பட்டு டி8-இல் ராணியை வெட்டினால், எஃப்2-இல் பிஷப் வெட்டிச் செக், ராஜா இ2, அடுத்த பிஷப் ஜி4-இல் செக்மேட். பார்க்க அழகுதான். ஆனால் வெள்ளை பிஷப்பை இ2-இல் வைத்து, கேஸ்லிங்குக்கு (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் இடம் மாற்றுவதற்கு) அவசரப்படாமல் சி3, டி4 என்று போனால் உங்களிடம் ஒரு சிப்பாய் குறைவு என்பது மட்டுமே மிஞ்சும். ஐந்து நிமிட ஆட்டங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்; போட்டியில் வேண்டாம்.

போட்டியில் வெள்ளைக் குதிரை சி3-க்கு வந்தால், தயங்காமல் அதை வெட்டிவிடுங்கள். இ4-இல் நிற்கும் குதிரை தானே மறைந்துவிடும்போது ராணி இ2-க்கு வந்து பயனில்லை. வெள்ளை டி சிப்பாயால் திருப்பி வெட்டும், ராணிப் பக்கம் கேஸ்லிங் செய்துகொண்டு உங்கள் ராஜாவைத் தாக்க வரும். அதில் தோற்றால்கூட, குறைந்தது இருபது நகர்வாவது ஆடியிருப்பீர்கள்.