நொடிக்கணக்கு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எட்டு மாதமாக வீட்டில் போடும் எஸ்பிரெஸோ காபியையெல்லாம் எக்செல்லில் பதிந்து வருகிறேன். வறுத்த தேதி, தூளின் எடை, எவ்வளவு நைஸாக அரைத்தேன் என்பதைக் காட்டும் கிரைண்டர் எண், கோப்பையில் இறங்கிய எடை, நொடி, பத்துக்கு என் மதிப்பெண். 400 வரிகளைத் தாண்டிவிட்டது. ஷாட் (ஒருமுறை இறக்கும் எஸ்பிரெஸோ) 26 முதல் 30 நொடிக்குள் வரும்படி அரவையை அவ்வப்போது மாற்றிக்கொள்வேன். சேனலிங் ஆகி, அதாவது தண்ணீர் தூளில் ஓரிடத்தில் மட்டும் வழி பிடித்து ஓடி, கெட்டுப்போனவற்றை மட்டும் சேர்க்கவில்லை. நொடிக்கும் ருசிக்கும் சம்பந்தமே இல்லை, நைஸாக அரைத்தால் மதிப்பெண் குறைகிறது என்று வரைபடம் காட்டுகிறது. அடுத்து, காபியில் எத்தனை சதவீதம் தூள் கரைந்திருக்கிறது என்று காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கலாமா? டாம்ப் அழுத்தத்தையும் (தூளை அமுக்கும் விசையையும்) அளக்க வேண்டுமா?

செ.

அன்புள்ள செ.,

வாங்க வேண்டாம். 18 கிராம் தூளில் 36 கிராம் இறக்கி, கருவி 9 சதவீதம் என்று காட்டினால், தூளில் 18 சதவீதம் கரைந்திருக்கிறது என்று தெரியும். அது ஏன் கரைந்தது என்பதை அது சொல்லாது. டாம்ப்பை விடுங்கள். தூள் சமமாகப் பரவி, அதற்குமேல் அமுங்காத வரைக்கும் அமுக்கினால் போதும்.

உங்கள் வரைபடம்தான் என்னை உட்காரவைத்து எழுதவைக்கிறது. கையில் பிடித்து வைத்திருக்கும் ஒன்றைப் பற்றி நம் கணக்கு எதுவுமே சொல்லாது என்பதைச் சில நாட்களாகவே யோசித்துக்கொண்டிருந்தேன்.

பிஐடி, அதாவது சூட்டைத் தானாக நிலைநிறுத்தும் கட்டுப்பாடு, உள்ள மெஷினைப் பாருங்கள். பாய்லர் 93 டிகிரியில் நிற்க, ஹீட்டர் அணைந்தும் எரிந்தும் பாடுபடுகிறது. இரண்டையும் பதிந்து பார்ப்பவர் என்ன நினைப்பார்? ஹீட்டர் எவ்வளவு எரிந்தாலும் சூடு மாறவில்லையே, இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்பார். நீங்களும் அதைத்தான் சொல்கிறீர்கள்! நொடியை நான்கு நொடிச் சந்துக்குள் அடைத்து வைத்துவிட்டு, அது நகரவில்லை என்று வருத்தப்படுகிறீர்கள்.

அரவைக் கதை இன்னும் மோசம். கொட்டை பழசாக ஆக, உள்ளிருக்கும் கரியமில வாயு வெளியேறி, தண்ணீருக்குத் தடை குறைந்து ஷாட் வேகமாக ஓடும். நொடியைக் காப்பாற்ற நீங்கள் நைஸாக்குவீர்கள். ஆக, உங்கள் எக்செல்லில் கிரைண்டர் எண் என்ற பெயரில் உட்கார்ந்திருப்பது கொட்டையின் வயது. மணம் போனது கொட்டைக்கு, பழி அரவைக்கு.

கெட்ட ஷாட்களை எடுத்துவிட்டதை என்னால் மன்னிக்க முடியவில்லை. அரவை எல்லை மீறியதைச் சொல்லியிருக்கக்கூடிய வரிகள் அவைதான்.

இப்படிச் செய்யுங்கள். ஒரே பையின் கொட்டையை 18 கிராம் பொட்டலங்களாகக் காற்றுப் புகாமல் கட்டி ஃப்ரீசரில் வையுங்கள். வயது ஏறக்குறைய அங்கேயே நின்றுவிடும். எல்லாவற்றையும் உறைந்தபடியே அரையுங்கள். கிரைண்டரில் இரண்டே எண்கள். இன்று எது என்பதை நாணயம் சுண்டி முடிவுசெய்யுங்கள். எண் மாறும் நாளில் வேறு கொட்டை 5 கிராம் அரைத்துக் கொட்டிவிடுங்கள், அரைக்கும் பற்களான பர்களுக்கு நடுவே பழைய தூள் தங்கியிருக்கும். கோப்பையில் 36 கிராம் வேண்டுமென்றால் 33, 34-இலேயே நிறுத்துங்கள், மிச்சம் சொட்டிச் சேரும். நொடியை எப்போதும் பம்ப் போட்ட கணத்திலிருந்தே எண்ணுங்கள். ஒருநாள் அதிலிருந்தும் மறுநாள் முதல் சொட்டிலிருந்தும் எண்ணினால் எண்கள் குப்பை. 20 நொடி வந்தாலும் 38 வந்தாலும் அரவையில் கைவைக்காதீர்கள். இதுதான் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். வீட்டில் வேறொருவர் ஷாட் போட்டுக் கோப்பையை நீட்டட்டும். மதிப்பெண் எழுதிய பிறகு எண்களைக் கேளுங்கள். ஒவ்வொரு எண்ணிலும் 15 கோப்பையாவது வேண்டும்.

பழைய 400 வரிகளை அழித்துவிடாதீர்கள், அவ்வளவு பொறுமை எல்லோருக்கும் வராது. ஒவ்வொரு கொட்டைக்கும் வறுத்த நாளிலிருந்து எத்தனை நாள், அன்று கிரைண்டர் எண் என்ன என்று தனித்தனியே வரையுங்கள். எத்தனையாவது நாளில் எவ்வளவு திருப்ப வேண்டும் என்பது அதில் கிடைக்கும். பையைத் திறந்த தேதிக்கு மட்டும் உங்களிடம் கட்டமே இல்லை. இன்றே சேருங்கள்.