கூத்து இருக்கும் டிவிடிகள் – கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணா,

கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். என் அப்பாவுக்குத் தோல்பாவைக்கூத்தில் தீராத பிரியம். ஒற்றப்பாலம் பக்கத்துப் பகவதி கோவில்களில் கூத்து நடந்தால் கேமராவோடு போய்விடுவார். விடிய விடியப் பிடித்ததை ஸ்டுடியோவில் கொடுத்து டிவிடியாக எழுதி வாங்கி வைத்திருந்தார். எல்லாம் 2006, 2007 வாக்கில் எடுத்தவை. அப்பா இப்போது இல்லை. டிவிடிகளைப் பரணிலிருந்து இறக்கி கம்ப்யூட்டரில் ஏற்றப் பார்க்கிறேன். சில ஏறிவிட்டன. சில பாதியில் நின்று ‘டேட்டா எரர், சைக்ளிக் ரிடன்டன்சி செக்’ என்கின்றன. ‘ட்ரை அகெய்ன்’ அழுத்தி அழுத்திக் கை ஓய்ந்துவிட்டது. ஒரு டிவிடி காலி என்றே காட்டுகிறது. ஒன்றை முழுசாக ஒரே ஐஎஸ்ஓ ஃபைலாக எடுத்தும், பென்டிரைவில் போட்டால் ஃபைல் பெரியது என்கிறது, இடம் நிறைய இருந்தும். என் லேப்டாப்பில் டிரைவ் இல்லாததால் யூஎஸ்பி டிரைவ் ஒன்று வாங்கினேன். கடைக்காரர் டூத்பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் சரியாகும் என்கிறார். தேய்க்கலாமா?

– ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

தேய்க்க வேண்டாம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். டூத்பேஸ்ட் மேல் பிளாஸ்டிக்கில் உள்ள கீறலைக் கொஞ்சம் மழுக்கும், அவ்வளவுதான். உங்கள் டிவிடிகளில் கெட்டிருப்பது அநேகமாக அந்த இடம் இல்லை. கடையில் விற்ற சினிமா டிவிடியில் விஷயம் பிளாஸ்டிக்கிலேயே அச்சாகியிருக்கும். ஸ்டுடியோவில் எழுதித் தந்ததில் அது ஒரு மெல்லிய சாயப் படலத்தில் இருக்கிறது. வெயிலும் சூடும் அந்தச் சாயத்தை வருஷக்கணக்கில் மெல்ல மெல்லக் கெடுக்கும். பாலக்காட்டுக் கோடையில் ஓட்டுக்குக் கீழே பரணில் இருந்த டிவிடிக்கு ஒரு கீறல்கூட இல்லாமலே எரர் வரலாம். அதைத் தேய்த்து என்ன பயன்?

துடைக்கலாம். சுத்தமான மெல்லிய பருத்தித் துணியை லேசாக நனைத்து, நடுத் துளையிலிருந்து விளிம்பை நோக்கி நேராக இழுங்கள். வட்டமாகத் துடைக்கக் கூடாது. பதிவு ஓடுவது வட்ட வாக்கில். அதே வாக்கில் ஒரு புதுக் கீறல் விழுந்தால் தொடர்ச்சியாக நிறைய அழியும். குறுக்கே விழுகிற கீறலை டிரைவ் பெரும்பாலும் தானே சரிக்கட்டிக்கொள்ளும். நடுத் துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள். இருந்தால் டிரைவில் போடவே வேண்டாம், வேகமாகச் சுற்றும்போது உடைந்துவிடும்.

இனி அந்த எரர். டிவிடியில் செக்டர் என்ற சிறு துண்டுகள் 16 சேர்ந்தது ஒரு கட்டு. ஒரு கட்டில் 32 கிலோபைட், அதோடு பிழை திருத்தவென்று கூடுதல் குறியீடுகளும் எழுதப்பட்டிருக்கும். கொஞ்சம் கெட்டிருந்தால் டிரைவ் அவற்றை வைத்துத் திருத்திக்கொள்ளும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. திருத்த முடியாத அளவு போனால்தான் சைக்ளிக் ரிடன்டன்சி செக் என்று வந்து நிற்கும். ஆக, அந்த எரருக்கு அர்த்தம் ‘இந்த இடத்தைப் படிக்க முடியவில்லை’ என்பது மட்டும்தான். ஃபைல் முழுக்கப் போய்விட்டது என்பதல்ல.

ஆனால் விண்டோஸ் அப்படி நடந்துகொள்வதில்லை. வீடியோ டிவிடியில் படம் ஒவ்வொன்றும் சுமார் 1 ஜிபி வரை உள்ள விஓபி ஃபைல்களாக இருக்கும். ஒரு டிவிடியில் இரண்டு மணி நேரம் என்று வைத்தால், ஒரு ஃபைலில் ஏறக்குறைய 25 நிமிஷக் கூத்து. படிக்க முடியாத ஒரு கட்டில் இருப்பதோ ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு. அதற்காக விண்டோஸ் அந்த 25 நிமிஷத்தையும் கைவிட்டுவிடுகிறது. நீங்கள் ‘ட்ரை அகெய்ன்’ அழுத்த அழுத்த, டிரைவ் அதே இடத்தில் போய் முட்டுகிறது. வேகமெடுத்து, தணிந்து, மறுபடி வேகமெடுத்து என்று அது திணறுகிற சத்தத்தைக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பட்டனை இனித் தொடாதீர்கள்.

படிக்க முடிந்ததையெல்லாம் முதலில் வாரி எடுத்துவிட்டு, கெட்ட இடத்துக்குக் கடைசியில் வருகிற புரோகிராம்தான் இதற்கு வேண்டும். விண்டோஸுக்குப் பதிலாக ஓடக்கூடிய லினக்ஸில் உள்ள டிடிரெஸ்க்யூ அதைத்தான் செய்கிறது. லினக்ஸில் ஒரு வகையான உபுண்டுவை ஒரு பென்டிரைவில் போட்டு லேப்டாப்பை அதிலிருந்து கிளப்பினால் போதும், விண்டோஸை அழிக்க வேண்டியதில்லை. அங்கே அதன் பேக்கேஜ் பெயர் ஜிடிடிரெஸ்க்யூ. எடுக்கும் படிமத்தை, அதாவது டிவிடியின் முழு நகலான ஃபைலை, வெளி ஹார்ட் டிஸ்க்கில் சேமியுங்கள். முதல் சுற்றில் அது தடங்கல் வரும் இடங்களைத் தாண்டிக்கொண்டே போகும். பிறகு திரும்பி வந்து, விட்ட இடங்களை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும். எது கிடைத்தது, எது பாக்கி என்பதை ஒரு மேப் ஃபைலில் குறித்துவைக்கும். இடையில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

அந்த மேப் ஃபைலின் அருமை இன்னொன்றில் இருக்கிறது. அதே டிவிடியை வேறொரு டிரைவில் போட்டு, அதே மேப் ஃபைலைக் கொடுத்து ஓட்டினால், பாக்கியுள்ள ஓட்டைகளை மட்டும் அது முயன்று பார்க்கும். ஒரு டிரைவ் படிக்காத இடத்தை இன்னொன்று படித்துவிடுவது சாதாரணம். ஒவ்வொரு டிரைவின் லென்சும் லேசரும் ஒவ்வொரு விதம். பழைய டெஸ்க்டாப்பில் இருக்கும் பெரிய டிரைவ் இதற்கு மிக நல்லது. அக்கம்பக்கத்து வீடுகளில் கேளுங்கள், மூலையில் சும்மா கிடக்கும். கோயம்புத்தூர் போகிறபோது பழைய பாகங்கள் விற்கும் கடைகளிலும் விசாரிக்கலாம். லினக்ஸ் வேண்டாம் என்றால் விண்டோஸில் அன்ஸ்டாப்பபிள் காப்பியர் என்ற இலவச புரோகிராம் உண்டு. கெட்ட இடத்தை விட்டுவிட்டு மீதி ஃபைலைக் கொடுத்துவிடும்.

உங்கள் யூஎஸ்பி டிரைவையும் ஒருமுறை சந்தேகப்பட வேண்டும். பழைய யூஎஸ்பி போர்ட் கொடுப்பது 500 மில்லியாம்ப். டிவிடி சுற்றத் தொடங்கும்போது டிரைவ் அதற்கு மேலும் கேட்கலாம். ஹப் வழியாகச் செருகாமல் நேராக லேப்டாப்பில் செருகுங்கள், சார்ஜரும் போட்டிருக்கட்டும். நன்றாக ஏறிய டிவிடியே இன்னொரு நாள் எரர் காட்டினால் கோளாறு டிரைவிலோ கேபிளிலோதான்.

பென்டிரைவ் விஷயம் எளிது. அது ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆகியிருக்கும். அதில் 4 ஜிபி அளவுள்ள ஒற்றை ஃபைலை வைக்க முடியாது, எவ்வளவு இடம் இருந்தாலும். எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மட் செய்யுங்கள், உள்ளே இருப்பதை வேறெங்காவது எடுத்து வைத்துவிட்டு.

காலி என்று காட்டுகிற டிவிடியைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. அதைப் போட்டதும் விண்டோஸ், இந்தக் காலி டிஸ்க்கை எப்படிப் பயன்படுத்தப்போகிறீர்கள், ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்கும். எக்காரணத்தைக் கொண்டும் சரி சொல்லாதீர்கள். வெளியே எடுத்து டியூப்லைட்டுக்குக் கீழே அடிப்பக்கத்தைச் சாய்த்துப் பாருங்கள். நடுவிலிருந்து ஒரு வட்டம் வரை ஒரு நிறமும் அதற்கு வெளியே கொஞ்சம் மாறிய நிறமும் தெரிந்தால், உள்ளே பதிவு இருக்கிறது. ரெக்கார்டரில் நேரடியாக எழுதிவிட்டுக் கடைசியில் ஃபைனலைஸ் செய்யாமல், அதாவது பதிவை முடித்து மூடாமல் விட்டால் கம்ப்யூட்டருக்கு அது காலியாகத்தான் தெரியும். அந்த ஸ்டுடியோவில் பழைய ரெக்கார்டர் இன்னும் இருக்கிறதா என்று கேளுங்கள். அதில் போட்டு ஃபைனலைஸ் கொடுத்தால் திறக்கலாம். அது கிடைக்காவிட்டால் ஐஸோபஸ்டர் மாதிரி புரோகிராம்கள் ஃபைனலைஸ் ஆகாத டிவிடியையும் படிக்க முயலும்.

கூத்து நடக்கும் மேடையான கூத்துமாடத்தில் 21 விளக்கு எரிய, எதிரே ஆளே இல்லாவிட்டாலும் பகவதிக்காகக் கம்பன் பாட்டைச் சொல்லி இரவு முழுக்க அர்த்தம் விரிக்கிறார்கள் பாவையாட்டும் புலவர்கள். மலையாள நாட்டில் இத்தனை தலைமுறையாகத் தமிழில் நடக்கிற காரியம் அது. நிழல் அரை நொடி கட்டம் கட்டமாக உடைந்தால் பெரிய நஷ்டமில்லை, புலவரின் குரல் தொடர்ந்து கேட்டால் போதும். அதனால் ஓட்டை விழுந்த படிமம் என்று எதையும் தூக்கிப் போடாதீர்கள். நன்றாகப் படிக்கிற டிவிடிகளை இந்த வாரமே முடித்து, இரண்டு தனித்தனி ஹார்ட் டிஸ்க்குகளில் வையுங்கள். ஒன்று உங்கள் வீட்டில் இருக்கக் கூடாது. ஏற்றி முடித்தாலும் டிவிடிகளைத் தூக்கி எறிந்துவிடாமல், பரணுக்குப் பதில் இருட்டான அலமாரியில் நிறுத்திவையுங்கள்.

இரண்டாவது டிரைவிலும் ஓட்டிப் பார்த்த பிறகு பாக்கி நிறைய இருந்தால், அந்த மேப் ஃபைலை எனக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். ஓட்டை எந்த இடத்தில், எவ்வளவு நீளம் என்று அதில் தெரியும். அடுத்து என்ன செய்யலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்