ஜப்பானியச் சந்தைகளும் இரவுத் தெருக்களும்: படம் எடுப்போருக்கான கேள்வி பதில்

கேள்வி: டோக்கியோவின் சுகிஜி சந்தைக்கு எப்போது செல்ல வேண்டும்? மீன் ஏலத்தையும் அங்கே எடுக்கலாமா?

பதில்: ஏலமும் மொத்த விற்பனையும் 2018 அக்டோபரில் டோக்கியோவின் தொயோசு பகுதிக்கு இடம் மாறிவிட்டன, சுகிஜியில் இன்றும் நடப்பது, பழைய மொத்தச் சந்தையைச் சுற்றியிருந்த கடைகளும் உணவகங்களும் கொண்ட வெளிச்சந்தை. பல கடைகள் பிற்பகல் 2 மணிக்குள் மூடிவிடும் என்பதாலும், ஞாயிறுகளிலும் சில புதன்களிலும் விடுமுறை என்பதாலும், மற்ற நாட்களில் காலை 8 மணிக்கு முன்பே சென்றுவிடுங்கள். செவ்வகச் சட்டியில் முட்டையை மடித்து மடித்துச் சுருட்டும் கைகளும் அவற்றின் மேல் எழும் ஆவியும் கடைமுகப்பைவிட நல்ல படம் தரும்.

கேள்வி: கடைக்காரர்களிடம் கேட்காமல் எடுப்பது தவறா?

பதில்: முகம் தெரியும்படி எடுப்பதானால் கேட்டே ஆக வேண்டும். முதலில் ஏதேனும் வாங்கி, பிறகு கேமராவைக் காட்டி அனுமதி கேளுங்கள். அவர் இரு கைகளையும் குறுக்கே வைத்துக் காட்டினால் மறுக்கிறார் என்று பொருள், மறுபடி கேட்காதீர்கள். கியோட்டோவின் கியோன் பகுதியில் தனியார் சந்துகளில் படம் எடுத்தால் 10,000 யென் கட்ட வேண்டும் என்று அறிவிப்பே வைத்திருக்கிறார்கள். கெய்ஷா எனப்படும் மரபுக் கலைப் பெண்களை வழிமறித்துப் படம் எடுத்த பயணிகளால் வந்த நிலை இது, எனக்கு மிகுந்த வருத்தம் தருவது.

கேள்வி: இரவுப் படங்களில் விளக்குப் பலகைகள் மீது பட்டை பட்டையாகக் கோடுகள் விழுகின்றன. கேமராவில் பழுதா?

பதில்: பழுதில்லை. மாறுமின்சாரத்தில் எரியும் பல விளக்குகள் அதன் அதிர்வெண்ணைப் போல் இரு மடங்கு வேகத்தில் மினுங்குகின்றன; ஷட்டர் வேகம் அந்த மினுங்கலோடு பொருந்தாதபோது கோடுகள் விழும். ஜப்பானில் இதில் ஒரு சிக்கலும் உண்டு: பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் டோக்கியோ ஜெர்மனியிலிருந்தும் ஒசாகா அமெரிக்காவிலிருந்தும் மின்னாக்கிகளை வாங்கியதால், இன்றும் கிழக்கே 50 ஹெர்ட்ஸ், மேற்கே 60 ஹெர்ட்ஸ். ஆகவே டோக்கியோவின் ஷின்ஜுகுவில் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 என்றும், ஒசாகாவின் தோதொன்போரியில் 1/60 அல்லது 1/125 என்றும் வையுங்கள். ஓசையற்ற மின்னணு ஷட்டர் கோடுகளை மிகுதியாக்கும். அதைத் தவிர்த்து இயந்திர ஷட்டரையே பயன்படுத்துங்கள். பெரிய எல்.இ.டி. திரைகள் இந்தக் கணக்குக்குக் கட்டுப்படாதவை. அங்கே 1/30 வரை குறைத்துச் சோதித்துப் பாருங்கள்.

கேள்வி: ஷின்ஜுகுவின் கோல்டன் காய், ஒமொய்தே யோகோச்சோ போன்ற மதுக்கடைச் சந்துகளுக்குக் கேமரா முக்காலி எடுத்துச் செல்லலாமா?

பதில்: வேண்டாம். இருவர் ஒதுங்கி நடக்கவே இடம் போதாத வழிகள் அவை. கோல்டன் காயில் அனுமதியின்றிப் படம் எடுக்கக் கூடாது என்ற அறிவிப்புகளும் உள்ளன. ஒமொய்தே யோகோச்சோவில் 35 மி.மீ., எஃப்/1.8 லென்ஸும் ஐ.எஸ்.ஓ. 3200-உம் போதும், உண்பவர்களின் முகங்களை விட்டு, கோழி சுடும் அடுப்பின் புகையில் விளக்கொளி படரும் இடத்தில் ஃபோகஸ் செய்யுங்கள்.